விமானியின் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாமா?

அமெரிக்காவில் ஓர் உள்நாட்டு விமானத்தில் ஏறி உட்கார்ந்தால், அதை ஓட்டப்போகிறவரிடம் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி இருக்க வாய்ப்புண்டு. எந்த விமானியிடம் இருக்கிறது, எவரிடம் இல்லை என்பது பயணிகளுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடே. 2002 நவம்பர் 25 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி திறந்தது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் விமானிகளுக்கு இப்படி ஒரு திட்டம் கிடையாது.

ஒரே மாதிரி விமானம், ஒரே மாதிரி ஆபத்து. அப்படியிருக்க ஒரு நாடு ஏன் கொடுத்தது, மற்ற நாடுகள் ஏன் கொடுக்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள, துப்பாக்கிக்கு முன்னால் விமானி அறையின் கதவைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கும் முன்னால், கடத்தல்காரர்கள் அந்தக் காலத்தில் என்ன கேட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

பழைய பாடம்

1968 முதல் 1972 வரையிலான ஐந்தாண்டுகளில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் கடத்தப்பட்டன. பல கடத்தல்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கியூபாவுக்குப் போ. சிலர் பணம் கேட்டார்கள். விமானி சொன்ன இடத்துக்கு ஓட்டிப்போனால், பெரும்பாலும் எல்லோரும் உயிரோடு திரும்பி வந்தார்கள். அதனால் விமானிகளுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. எதிர்க்காதே, கேட்டதைக் கொடு, எங்கேயாவது தரையிறக்கு, மிச்சத்தைப் பேச்சுவார்த்தை நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1973 ஜனவரியில் அமெரிக்க விமான நிலையங்களில் எல்லாப் பயணிகளையும் சோதிக்கும் முறை வந்த பிறகு கடத்தல்கள் குறைந்தன. ஆனால் பாடம் மாறவில்லை.

நமக்குத் தெரிந்த உதாரணம், 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814. ஐந்து பேர் கடத்தினார்கள். அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று அலைந்து கடைசியில் காந்தகாரில் நின்றது. ஒரு பயணி கொல்லப்பட்டார். மூன்று தீவிரவாதிகளை விடுதலை செய்த பிறகு, டிசம்பர் 31 அன்று மற்றவர்கள் மீண்டார்கள். அந்த விமானத்தின் கேப்டனிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலர் கேட்கிறார்கள். நேர்மையாக யோசித்தால் பதில் ஆறுதலாக இல்லை. விமானி அறைக்குள் நின்ற ஒருவரைச் சுட்டிருக்கலாம். கதவுக்குப் பின்னால் கையெறி குண்டோடும் கத்தியோடும் மற்றவர்கள், அவர்களுக்கு நடுவில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பயணிகள். முதல் தோட்டாவுக்கு அடுத்த நிமிடம் அந்தக் கேபினில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

2001 செப்டம்பர் 11 இந்தக் கணக்கையெல்லாம் அடித்து நொறுக்கியது. பத்தொன்பது பேர், நான்கு விமானங்கள், கையில் சிறு கத்திகளும் அட்டை வெட்டும் பிளேடுகளும். அவர்கள் எதையும் கேட்கவில்லை. விமானமே அவர்களுடைய ஆயுதம். விமானிகளைக் கொன்றுவிட்டு அவர்களே ஓட்டினார்கள். ‘சொன்னதைக் கேள்’ என்ற பாடம் அன்று காலையோடு செத்துப்போனது. நான்காவது விமானமான யுனைடெட் 93-ன் பயணிகள், மற்ற விமானங்களுக்கு நேர்ந்ததைத் தொலைபேசியில் கேட்டதும் எழுந்து போராடினார்கள். விமானம் பென்சில்வேனியாவில் ஒரு வயல்வெளியில் விழுந்தது. எல்லோரும் இறந்தார்கள், ஆனால் அது போய்ச்சேர வேண்டிய இலக்கைத் தொடவில்லை.

கதவு செய்யும் வேலை

அதுவரை விமானி அறையின் கதவு ஒரு தடுப்பு மட்டும்தான். ஓங்கி உதைத்தால் திறந்துகொள்ளும். 2003-க்குள் அமெரிக்காவிலும் உலகின் பெரும்பாலான பெரிய பயணிகள் விமானங்களிலும் அது மாற்றப்பட்டது. புதிய கதவைத் தோட்டா துளைக்காது. மோதி உடைப்பதும் சுலபமில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். கதவுக்கு வெளியே, பணியாளர்கள் நிற்கும் பக்கத்தில், எண்கள் கொண்ட ஒரு சிறு விசைப்பலகை இருக்கும். உள்ளே போக வேண்டியவர் அதை அழுத்தினால் விமானிகளுக்கு மணி கேட்கும். அவர்கள் கேமராவிலோ கதவுத் துளையிலோ யாரென்று பார்த்து, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள ஒரு சுவிட்சால் திறப்பார்கள். விமானிகள் இருவரும் மயங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்காகப் பணியாளர்களிடம் ஓர் அவசர எண் உண்டு. அதை அழுத்தினாலும் கதவு உடனே திறக்காது. உள்ளே மணி விடாமல் ஒலிக்கும், சில விநாடிகள் ஓடும், அதற்குள் யாரும் மறுக்காவிட்டால்தான் பூட்டு விடும். உள்ளே இருக்கும் விமானி அந்தச் சுவிட்சைப் பூட்டும் பக்கம் தள்ளிவிட்டால், வெளியே இருப்பவர் எந்த எண்ணை அழுத்தினாலும் பயனில்லை.

இந்தக் கதவு பூட்டியிருக்கும் வரை விமானி செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். பின்னால் என்ன சத்தம் கேட்டாலும், யார் கெஞ்சினாலும், திறக்காமல், கிட்டத்தில் உள்ள ஓடுபாதையில் இறக்குவது. சொல்ல எளிது. பணியாளரின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள் என்று இன்டர்காமில் கேட்டுக்கொண்டே அதைச் செய்வது எவ்வளவு கொடுமை என்பதை நாம் கற்பனைதான் செய்ய முடியும். இருந்தாலும் இன்றைய பாதுகாப்பின் அடித்தளம் இதுதான். திறக்கக் கூடாது.

துப்பாக்கிப் பேச்சு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் கதவு எப்போதும் பூட்டியே இருப்பதில்லை. ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் விமானிகள் கழிப்பறைக்குப் போக வேண்டும், சாப்பாடு உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் அது திறந்து மூடும்.

விமானிகள் கேட்டதன் நியாயம்

செப்டம்பர் 11-க்குப் பிறகு துப்பாக்கி கேட்டவர்கள் துப்பாக்கிப் பைத்தியங்கள் அல்ல. அமெரிக்க விமானிகளின் மிகப்பெரிய சங்கமே கேட்டது. அவர்களில் நிறைய பேர் விமானப்படையிலும் கடற்படையிலும் பணியாற்றியவர்கள். இழந்தது தங்களுடைய எட்டு சகாக்களை.

அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று எனக்கு இன்றுவரை கனமாகப் படுகிறது. ஒரு விமானம் கடத்தப்பட்டு நகரத்தை நோக்கிப் போனால், போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தலாம் என்பது இப்போது பல அரசுகளின் கொள்கை. இந்தியாவும் 2005-ல் அப்படி ஒரு கொள்கையை ஏற்றது. சரி, கடைசியில் ஏவுகணையால் எங்களையும் பயணிகளையும் சேர்த்து அழிக்கத் தயாராக இருக்கும் அரசு, அதற்கு ஒரு படி முன்னால் எங்களுக்கு ஒரு கைத்துப்பாக்கியைத் தர ஏன் தயங்க வேண்டும்? இதற்குச் சுலபமான மறுப்பு கிடையாது.

அரசு முதலில் மறுத்தது. 2002 மே மாதம், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அப்போதைய தலைவர் ஜான் மகாவ், விமானிகள் விமானத்தை ஓட்டுவதில்தான் கவனம் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுமதிக்க மாட்டோம் என்றார். விமான நிறுவனங்களும் எதிர்த்தன. ஆனால் அந்த ஆண்டிலேயே நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் பெரும் ஆதரவோடு விமானிகள் பக்கம் வாக்களித்தன.

திட்டம் எப்படி நடக்கிறது

இதில் சேரும் விமானிக்கு ‘ஃபெடரல் ஃப்ளைட் டெக் ஆஃபீசர்’ என்று பெயர். விமானி தானாக விரும்பிச் சேர வேண்டும். பின்னணி விசாரணை, மனநலப் பரிசோதனை எல்லாம் உண்டு. பிறகு சுமார் ஒரு வாரப் பயிற்சி. முதல் அணி 2003 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோவில் பயிற்சி முடித்தது. பிறகு நியூ மெக்சிகோவின் ஆர்ட்டீசியாவில் நடந்தது. இதற்குத் தனிச் சம்பளம் இல்லை, சொந்த விடுப்பில் போக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை சுட்டுக்காட்டித் தேற வேண்டும். 2003 இறுதியில் சரக்கு விமானிகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் தவறாக நினைக்கும் இடம் ஒன்றுண்டு. இந்த விமானி காவலர் இல்லை. துப்பாக்கியோடு கேபினுக்குள் நடந்து வந்து யாரையும் அடக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. பின்னால் ஒரு பயணி தாக்கப்பட்டாலும் அவர் வெளியே வரக் கூடாது. அவருடைய எல்லை விமானி அறை மட்டும். கதவைத் தாண்டி ஒருவன் உள்ளே கால் வைத்துவிட்டால், அந்த நொடிக்குத்தான் அந்தத் துப்பாக்கி. கேபினில் சாதாரண உடையில் பயணிகளோடு உட்கார்ந்து வரும் ஏர் மார்ஷல்கள் வேறு. ஐசி 814-க்குப் பிறகு இந்தியாவும் தேசியப் பாதுகாப்புப் படையிலிருந்து அப்படிப்பட்டவர்களை அனுப்புகிறது. எல்லா விமானங்களிலும் மார்ஷல்களை ஏற்றுவது எந்த நாட்டாலும் ஆகாத காரியம் என்பதும் அமெரிக்க விமானிகளின் வாதங்களில் ஒன்று.

அந்த நொடி எப்படி இருக்கும்? பெரும்பாலான பயணிகள் விமானங்களின் விமானி அறை, ஓர் ஆட்டோவின் உட்புறத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இரண்டு பேரும் பெல்ட் மாட்டி முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கதவு முதுகுக்குப் பின்னால். ஓடி வருகிறவனுக்குக் கைக்கெட்டும் தூரம்தான். விமானி திரும்ப வேண்டும், துப்பாக்கியை எடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் மீது படாமல் சுட வேண்டும், அதே நேரத்தில் இன்னொருவர் விமானத்தை நிலையாக வைத்திருக்க வேண்டும். பயிற்சி பெற்றவரால் முடியும் என்கிறார்கள், முடியலாம். ஆனால் கதவு திறந்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் அவர் ஏற்கெனவே தயாராக இருந்தால்தான்.

ஒரு ஓட்டை விழுந்தால்?

இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் முதலில் எழும் கேள்வி: பறக்கும்போது சுட்டால் விமானம் வெடித்துவிடாதா? எல்லோரும் வெளியே உறிஞ்சப்பட மாட்டார்களா?

35,000 அடியில் வெளியே காற்று மிக மெலிது. அதனால் கேபினுக்குள் காற்றை அடைத்து, உள்ளே சுமார் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்ற அழுத்தத்தை வைத்திருப்பார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு வித்தியாசம். ஆனால் விமானம் மூடிய டப்பா கிடையாது. இன்ஜின்களிலிருந்து காற்று விடாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும், பின்பகுதியில் ஒரு வால்வு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த வால்வின் வாய் தோட்டாத் துளையைவிடப் பல மடங்கு பெரியது. உடற்பகுதியில் சிறு துளை விழுந்தால் வால்வு கொஞ்சம் மூடிக்கொண்டு ஈடுகட்டிவிடும். 1988-ல் ஹவாயில் அலோஹா 243 விமானத்தின் கூரையில் சுமார் 18 அடி நீளம் 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். ஆனால் விமானம் பத்திரமாக இறங்கியது.

அதற்காகத் தோட்டா ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1985 நவம்பரில் ஈஜிப்ட்ஏர் 648 கடத்தப்பட்டபோது, விமானத்திலிருந்த பாதுகாவலர் கடத்தல்காரர்களில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். மற்றவர்கள் திருப்பிச் சுட்டார்கள். உடற்பகுதி துளைக்கப்பட்டு அழுத்தம் இறங்கியதால், விமானி உடனே தாழப் பறந்து மால்டாவில் இறக்க வேண்டியதாயிற்று. அந்தக் கடத்தலும் அதைத் தொடர்ந்த கமாண்டோ நடவடிக்கையும் சுமார் அறுபது பேரின் உயிரைக் குடித்தன. அங்கே உயிர்களைப் பறித்தது தோட்டாத் துளை அல்ல. ஒரு சிறிய இடத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டையும், அவசரமாக நடந்த மீட்பும்தான். விமானி அறையில் நான் பயப்படுவது ஓட்டைக்கு அல்ல. கருவிகளுக்கும், ஒயர்களுக்கும், பக்கத்து இருக்கைக்காரரின் உடம்புக்கும்தான்.

எதிரி வராத நாட்கள்

துப்பாக்கியை ஆதரிப்பவர்கள் எதிரி உள்ளே வரும் அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அவன் வராத எல்லா நாட்களும்தான் கவலை. ஒரு விமானி ஆண்டு முழுவதும் அந்தத் துப்பாக்கியை மாட்டிக் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

2008 மார்ச் 22 அன்று யுஎஸ் ஏர்வேஸ் 1536, டென்வரிலிருந்து சார்லட் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. தரையிறங்கத் தயாராகும் நேரம். இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்த விமானி தன் துப்பாக்கியை எடுத்து வைக்க முனைந்தபோது அது வெடித்தது. தோட்டா விமானி அறையின் பக்கச் சுவரைத் துளைத்து வெளியேறியது. யாருக்கும் காயமில்லை, விமானம் பத்திரமாக இறங்கியது.

எப்படி வெடித்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். விமானி அறையை விட்டு வெளியே போகும்போது துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. அதற்காகக் கொடுக்கப்பட்ட உறையில் ஒரு துளை இருந்தது. அந்தத் துளை வழியாகச் சின்னப் பூட்டின் கம்பியைக் கோக்க வேண்டும். கம்பி துப்பாக்கியின் விசைக்குப் பக்கத்திலேயே போகும். துப்பாக்கி உறைக்குள் முழுதாக இறங்காமல் கொஞ்சம் மேலே நின்றுவிட்டால், உள்ளே தள்ளும் பூட்டுக் கம்பியே விசையை அழுத்திவிடும். பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒரு பூட்டு, விசைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பைக் கொண்டுபோய் வைத்தது. இருட்டில், நெருக்கடியான இருக்கையில், ஒவ்வொரு பயணத்திலும் இதைச் செய்ய வேண்டும் என்றால் என்றாவது ஒருநாள் கை தவறத்தான் செய்யும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த உறையின் வடிவமைப்பு கடுமையான கேள்விக்குள்ளானது.

இன்னொரு கவலை, ஆபத்து உள்ளேயே உட்கார்ந்திருப்பது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் 9525-ல், கேப்டன் வெளியே போன நேரத்தில் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். கடத்தல்காரரைத் தடுக்கச் செய்த அதே பூட்டு, கேப்டனையும் உள்ளே விடவில்லை. 2012-ல் ஜெட்ப்ளூ 191-ல் கேப்டனுக்கே மனநிலை பிறழ்ந்தது. துணை விமானி அவரை வெளியே வைத்துப் பூட்டிவிட்டு விமானத்தை அமரில்லோவில் இறக்கினார், பயணிகள் அவரைப் பிடித்து வைத்தார்கள். அந்தக் கேப்டனின் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால்? 2022-ல் ஓர் அமெரிக்க விமானத்தில், ஒரு பயணியின் உடல்நலக் கோளாறுக்காக விமானத்தைத் திருப்பலாமா என்று பேசியபோது, இந்தத் திட்டத்தில் துப்பாக்கி வைத்திருந்த துணை விமானி கேப்டனைச் சுடுவதாக மிரட்டினார் என்று அடுத்த ஆண்டு வழக்குப் பதிவானது. விமானிகளில் மிகப் பெரும்பாலோர் நிதானமானவர்கள். ஆனால் ஆயுதம் உள்ளே இருந்தால், அந்த நிதானம் ஒரே ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

சரக்கு விமானங்களின் கதை கொஞ்சம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 1994 ஏப்ரலில் ஃபெட்எக்ஸ் 705-ல், சக ஊழியராகக் கூடப் பயணித்த ஒருவர் சுத்தியலால் விமானி அறையிலிருந்த மூன்று பேரையும் மண்டையில் அடித்தார். அங்கே கதவைப் பூட்டிப் பயனில்லை, ஆள் ஏற்கெனவே உள்ளே. ரத்தம் வழியத் துணை விமானி விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார், செங்குத்தாக இறக்கினார், தாக்கியவர் நிலைகுலைந்தார், மூவரும் உயிரோடு மெம்ஃபிஸுக்குத் திரும்பினார்கள். 1970 செப்டம்பரில் இஸ்ரேலியப் பயணிகள் விமானமான எல் அல் 219-ன் கேப்டன் யூரி பார்-லெவும் இதைத்தான் செய்தார். கடத்தல்காரர்கள் நின்றுகொண்டிருந்தபோது விமானத்தைத் திடீரென்று கீழ்நோக்கிப் பாய்ச்சினார். அவர்கள் சரிந்து விழுந்தார்கள், விமானத்திலிருந்த பாதுகாவலர் அவர்களில் ஒருவரைச் சுட்டார், இன்னொருவர் பிடிபட்டார், விமானம் லண்டனில் இறங்கியது. பெல்ட் மாட்டியிருக்கும் விமானியின் கையில் இப்படியொரு ஆயுதம் எப்போதும் இருக்கிறது. அதைப் பூட்டி வைக்க உறையும் தேவையில்லை.

எது முதலில்?

இத்தனையையும் பார்த்த பிறகு என் நிலை இதுதான்: பயணிகள் விமானத்தில் விமானியிடம் துப்பாக்கி தேவையில்லை. அது காக்க வேண்டியது கதவு திறந்திருக்கும் சில விநாடிகளை. அந்த விநாடிகளைக் காக்க, கை தவறினாலும் யாரையும் கொல்லாத வழி இருக்கிறது.

விமானி வெளியே வரும்போது பணிப்பெண்கள் சாப்பாட்டுத் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்திக் காவல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓடி வருகிறவனை அது ஒன்றிரண்டு நொடிதான் தாமதிக்கும். அடி வாங்கப்போவது அந்தப் பெண்தான். அதற்குப் பதிலாக இரண்டாவது தடுப்பு என்று ஒன்றை வைக்கலாம். கதவுக்கு வெளியே, மடக்கி விரிக்கக்கூடிய இலேசான ஒரு கிராதி. விமானி வெளியே வருவதற்கு முன்னால் அதைப் போட்டுவிட்டு, உள்ளே திரும்பிய பிறகு எடுத்துவிடலாம். யாராவது மோதினால், அதைத் தாண்டுவதற்குள் உண்மையான கதவை மூடிவிட நேரம் கிடைக்கும்.

செப்டம்பர் 11-ல் கொல்லப்பட்ட யுனைடெட் 175-ன் கேப்டன் விக்டர் சராசினியின் மனைவி எலன் சராசினி, இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக்கியது. விதி வந்தது 2023-ல்தான். அதுவும் புதிதாகத் தயாராகும் பயணிகள் விமானங்களுக்கு மட்டும். 2025 ஆகஸ்டில் தொடங்க வேண்டியது, விமான நிறுவனங்கள் அவகாசம் கேட்டதால் ஓராண்டு தள்ளிப்போனது. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான விமானங்களில் கிராதியைப் பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் இல்லை. துப்பாக்கிக்கான சட்டம் தாக்குதல் நடந்து பதினான்கு மாதங்களில் வந்துவிட்டது. கிராதிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.